ஊசி இறங்குமுன் ஒரு மூச்சு

கம்பெனி பஸ் ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. டிரைவர் பாஷா பாய் கீழே யாரிடமோ பேசிவிட்டு ஏறி வந்து, "எஸ்தரம்மா காலையில போய்ட்டாங்களாம்மா, மாரடைப்பாம்" என்றார். தையல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் அந்த பஸ்ஸில்தான் இருந்தோம். கேட் மூடியிருந்தால் தினமும் முணுமுணுக்கிற நாங்கள், ரயில் போய்க் கேட் திறந்த பிறகும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. பாஷா பாயே வண்டியைக் கம்பெனிக்கு விடாமல் எங்கள் சூப்பர்வைசர் எஸ்தர் அக்கா வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வாசலில் அக்காவின் கணவருக்கு அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "தெனமும் மூச்சு மூச்சுன்னு ஒக்காந்துகினு இருந்துச்சே, கடைசியில இன்னா ஆச்சு பாத்தீங்களா?" என்றார். துக்கத்தில் சொன்னாரோ, குத்திக்காட்டத்தான் சொன்னாரோ, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதில் நாக்கு நுனிவரை வந்தது. சாவு வீடாயிற்றே என்று விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். எஸ்தர் அக்காவையும் என்னையும் அறிந்த உங்கள் முன்னால் அந்தப் பதிலை வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒடுகத்தூரிலிருந்து கல்யாணமாகி ஆம்பூர் வந்து, ஷூவின் மேல்பாகம் தைக்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். மெஷினைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. சூப்பர்வைசர் எஸ்தரைப் பார்த்துத்தான் பயந்தேன். தையல் கோணினால் அந்தத் தோல் துண்டு நேராக நம் மடியில் வந்து விழும். "கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்ற சத்தம் கட்டிங் செக்ஷன் வரை கேட்கும். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை மறையாது, போனது போனதுதான். அதனால்தான் அவர் கத்தினார். அவர் கத்தக் கத்த எங்கள் கை நடுங்கியது. கை நடுங்க நடுங்கத் தப்பும் ஜாஸ்தியானது.

ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டிருந்தவர் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தக் கொதிப்பு. திரும்பி வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கோவத்தோட இருந்தா எம் புள்ளைங்க கல்யாணத்த நான் பாக்கமாட்டேன்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க சரோஜா" என்றார். அவருக்கு இரண்டு பெண்கள். இரண்டும் அப்போது பள்ளிக்கூடத்தில். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மாத்திரையோடு இன்னொன்றும் கிடைத்தது. அதே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் பாகாயத்தில் தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யோகா சொல்லிக்கொடுத்தார். அக்கா ஆராதனை முடிந்த கையோடு பஸ் பிடித்துப் போவார். சபையில் ஒரு அம்மா, "அது நம்ம வழக்கம் இல்லியே" என்று இழுத்தார். "மூச்ச குடுத்தவரு ஆண்டவரு. அத ஒழுங்கா வுடக் கத்துக்கறேன், அவ்ளோதான்" என்றார் அக்கா.

கற்றுக்கொண்டதைக் கம்பெனியில் செய்யத் தொடங்கியதுதான் வேடிக்கை. முதல் நாள் ஜன்னலை அகலத் திறந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார். தோல் பதனிடும் பக்கத்து டேனரியின் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் முழுதாக உள்ளே போயிற்று. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழைய எஸ்தராக இருந்தால் அன்று எங்கள் கதை கந்தல்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோஜாத் தோட்டத்துல எவ வேணா மூச்சு வுடுவா, ஆம்பூர்ல வுட்டுக் காட்டுங்கடி" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார்.

அதிலிருந்து எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் வந்தது. வெட்டிய தோல் துண்டுகள் கட்டிவரும் புது பண்டலைப் பிரித்ததும் கை இரண்டும் மடிக்கு வர வேண்டும். ஒரு மூச்சு இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். பிறகுதான் ஊசி இறங்க வேண்டும். அந்த ஒரு மூச்சுக்கு மேல் அவர் எதையும் எங்கள் தலையில் கட்டவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் எவளாவது இடையில் நுழைந்தால், மாமியார் குழம்பில் குறை சொன்னால், நாங்களாகவே அதைச் செய்யத் தொடங்கினோம். அக்கா ஞானியாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். "இரு, மூச்சு வுட்டுட்டு வந்து திட்றேன்" என்பார். சொன்னபடி வந்து திட்டவும் செய்வார். ஆனால் அந்தத் திட்டில் யார் கையும் நடுங்கவில்லை.

மானேஜருக்கு இது பேஜாராக இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளை ஷூ ஆர்டர் வந்தது. மெல்லிய ஆட்டுத்தோல், ஊசி பட்டால் தடம் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் லாரி ஏற வேண்டும். கட்டிங் செக்ஷனிலிருந்து பண்டல்கள் தாமதமாக வந்தன. மானேஜர் எங்கள் முன்னாலேயே, "இன்னைக்கு இந்த ஆர்டர் கெட்டுச்சுன்னா நாளைக்கு நீ வர வேணாம்" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவின் மூத்த பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருந்த சமயம் அது. அக்கா முகம் வெளிறியது. "பிரிங்கடி, தைங்கடி, இன்னா பாத்துகினு இருக்கீங்க!" என்று பழைய குரல் கிளம்பியது. மூச்சையும் மறந்தார், எல்லாவற்றையும் மறந்தார்.

நாங்கள் மறக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. பண்டலைப் பிரித்தோம், கையை மடியில் வைத்தோம், கண்ணை மூடினோம். மானேஜர் கத்துகிறார், அக்காவும் கத்துகிறார், நாங்கள் மூச்சு விடுகிறோம். அக்காவின் குரல் பாதியில் நின்றது. கண் திறந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எங்களோடு மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

தைக்கலாம் என்று கையிலிருந்ததைப் பார்த்த எங்கள் வரிசை ஷம்ஷாத், "யக்கா, அப்பர் ரைட்டு, லைனிங் லெஃப்டுக்கா!" என்றாள். எல்லோரும் புரட்டிப் பார்த்தோம். அவசரத்தில் கட்டிங் செக்ஷன் வலது காலின் மேல்தோலோடு இடது காலின் உள்தோலைக் கட்டி அனுப்பியிருந்தது. ஒரு தையல் ஓடியிருந்தாலும் அத்தனை வெள்ளைத் தோலும் குப்பைக்குத்தான். பண்டல்கள் திரும்பிப் போய், சரியாகி வந்து, லாரி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது. மானேஜர் அதன்பிறகு எங்கள் மூச்சைப் பற்றிப் பேசியதில்லை. அக்கா எங்களிடம், "நான் மறந்துட்டேன், நீங்க மறக்கல. இனிமே எனக்கு பயமில்ல" என்றார்.

அந்த நிச்சயம் கல்யாணமாயிற்று. இளைய பெண்ணின் கல்யாணத்துக்கும் பஸ் நிறையப் போனோம். மூத்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பந்தி பரிமாறினார். இன்னா ஆச்சு என்று கேட்டாரே பெரியவர், இதுதான் ஆச்சு. வராது என்று டாக்டரம்மா சொன்ன நாட்கள் அவை.

அக்கா போன அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "சீக்கிரம் மண்ணு போடுங்கம்மா, மழ வருது" என்றார் அந்தப் பெரியவர். மண்ணை அள்ளிய எங்கள் கைகள் குழிக்கு மேல் அப்படியே நின்றன. எல்லோரும் கண்ணை மூடினோம். இழுத்ததைவிட மெதுவாக விட்டோம். பிறகுதான் மண் விழுந்தது. கண் திறந்தபோது, கையில் மண்ணோடு அவரும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல வைத்திருந்த பதிலை நான் சொல்லவில்லை.

அக்கா உட்கார்ந்த ஸ்டூலை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் அவரைவிட ஜாஸ்தி என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் எனக்கும் பயமில்லை. நான் மறக்கிற நாளில் எனக்கும் சேர்த்து மூச்சு விட, எதிரில் ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிறது.