பெட்டி இல்லாமல் வந்த ஊசி

அறுகம்பேயில் நான் வேலை செய்யும் விடுதிக்கு ஒரு ஜெர்மன்காரர் தன் ரெக்கோட் பிளேயரை விட்டுவிட்டுப் போனார். அலைச்சறுக்குப் பலகை திருத்திக்கொண்டு நாலு வருடம் இருந்தவர். விமானத்தில் ஏற்ற முடியாது என்று அம்பிளிபயரையும் நாற்பது சொச்சம் ரொக் இசைத்தட்டுகளையும்கூட எங்களிடமே கொடுத்துவிட்டார். பிளேயரின் கை நுனியில் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் இருக்கும். அதுதான் கார்ட்ரிஜ். ஊசி அதில்தான் நிற்கும். தூசு போக்குகிறேன் என்று அந்த ஊசியைத் துணியால் துடைத்தவன் நான். துணியோடு ஊசியும் வந்துவிட்டது. அந்த மொடலுக்கு ஊசி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். கார்ட்ரிஜ்ஜையே மாற்ற வேண்டும்.

முதலாளி பொத்துவில்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், அதனால் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். சீசன் முடிந்து நான் என் ஊர் சாய்ந்தமருதுக்கு வெளிக்கிடும்போது சொன்னார்.

“காக்கா, அடுத்த சீசனுக்கு அதப் பாட வைங்க. பின்னேரத்தில கடல் பக்கமா வெச்சிப் போடுவம். அதுக்கு ஆள் நீங்கதான். பாடாட்டி எனக்கு வேலைக்கு ஆள் கூடிப்போகும். கோவிச்சிக்கப்படா.”

கோபிக்க என்ன இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கரையில் மீன் வாடி வேலை, மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றது, குவைத்தில் சாரதி, சவூதியில் தண்ணீர் பவுசர் லொறி. அங்கே பவுசரிலிருந்து விழுந்து தோள் எலும்பு உடைந்தபோது திரும்பி வந்தேன். பாஸ்போர்ட் இன்னும் ஏஜென்சிக்காரரிடம்தான் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் மறுபடியும் ஏற்றிவிடுவார். எனக்குப் போக மனமில்லை. ஆகவே அந்த வருடம் நான் ஊரில் நிற்பதா போவதா என்பதைக் கார்ட்ரிஜ்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பிளேயர், தட்டு எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுவந்து, முதலில் கல்முனையில் பழைய றேடியோ திருத்தும் ஒருவரிடம் போனேன். மேசை லாச்சிக்குள்ளிருந்து மஞ்சளித்துப்போன ஒன்றை எடுத்துத் தந்தார். அந்தக் காலத்துக் கல்யாண வீட்டுப் பிளேயர்களில் இருந்த வகை. சும்மா தருவது போன்ற விலை.

“இது ரொக் பாட்டுக்குச் சரிவருமா அண்ண?”

“ரொக்கோ நாகூர்ப் பாட்டோ, தட்டுக்குத் தெரியுமா தம்பி? ஊசி குத்தினாப் பாடும்.”

பாடியது. ஆனால் ட்ரம் அடிக்கிற இடமெல்லாம் தகரக் கூரையில் மழை விழுந்தது. கிற்றாரும் பாடுகிறவனும் ஒரே சாக்குக்குள் கட்டப்பட்டவர்கள் மாதிரிக் கத்தினார்கள். ஊசி அவ்வளவு பாரமாக அழுத்தியது. மூன்றுதரம் போட்ட பாட்டில் புதிதாக இரைச்சல் கேட்டது. தட்டை உழுகிற ஊசி. கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஒனக்குக் காது கூடிப்போச்சு” என்றார்.

பிறகு போனில் தேடினேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தட்டுத்தடுமாறித்தான் வரும், தமிழுக்கு மாற்றித்தான் வாசித்தேன். ஒருவன் ஒரு கார்ட்ரிஜ்ஜைச் ‘சூடானது’ என்றான், இன்னொருவன் அதையே ‘மங்கல்’ என்றான், மூன்றாமவன் இரண்டு பேரும் செவிடர் என்றான். பாட்டுக்குச் சூடு என்றால் என்ன? ஒரு மாதம் வாசித்து நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு வகை இருந்தன. உருண்டை முனை ஊசி மலிவு, முரட்டுத்தனம் தாங்கும். ஆனால் தட்டின் நடுப்பக்கம் போகப் போக, கடைசிப் பாட்டில், ‘ஸ்ஸ்’ என்று எச்சில் தெறிக்கும். முட்டை வடிவ முனை கொஞ்சம் விலை கூட, கடைசிப் பாட்டையும் சுத்தமாக எடுக்கும், ட்ரம்மும் கிற்றாரும் பிரிந்து கேட்கும். ஆனால் மெல்லியது.

அந்தத் தட்டுகளில் எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் கடைசிப் பாட்டாகவே இருந்தன. முட்டை முனை என்று முடிவெடுத்தேன். கொழும்பில் அதற்குச் சொன்ன விலை எனக்கு ஏலாது. கட்டாரில் பாதி விலை. அங்கே என் மாமியின் மகன் இருந்தான், லீவில் வர இருந்தான். படம் அனுப்பி, மொடல் எழுதி, இதேதான், வேறொன்றும் வேண்டாம் என்று நாலுதரம் சொன்னேன். “ஓம் மச்சான், ஓம்” என்றான்.

அவன் வந்த அன்று அவர்கள் வீட்டு நடுவில் பேக்குகள் திறந்து கிடந்தன. எங்கள் பக்கத்து ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது எதையும் பெட்டியோடு கொண்டுவருவதில்லை. பெட்டி பாரம், இடத்தையும் பிடிக்கும், புதுச்சாமான் என்று கஸ்டம்ஸில் மறிப்பார்கள். போன், மிக்ஸி, குழந்தைச் செருப்பு எல்லாவற்றையும் உரித்துச் சீலைக்குள் சுருட்டுவார்கள். நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் அதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு காலுறைக்குள்ளிருந்து கார்ட்ரிஜ்ஜை எடுத்துத் தந்தான்.

“இதுட மூடி எங்க?”

“என்ன மூடி? முன்னால ஒரு பிளாஸ்டிக் கொழுவி இரிந்திச்சி. அதயும் கழட்டி எறிஞ்சிட்டன். பழசு மாதிரி இரிக்கட்டும் எண்டுதான்.”

அந்தப் பிளாஸ்டிக்தான் ஊசிக்குக் காவல். ஊசி நிற்கும் மயிரளவு தண்டு பக்கவாட்டில் மடிந்து கிடந்தது. விரலால் தொட்டேன், விழுந்துவிட்டது.

“இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு கத? பேரீச்சம்பழம் கொண்டு போ மச்சான்” என்றான் அவன். அவனிடம் கத்தி என்ன பயன்? பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சீசன் தொடங்க மூன்று நாள். எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திருக்கோவில், கோமாரி தாண்டிப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“தட்டுச் சுத்துதா?”

“சுத்துது.”

“அப்ப சுத்த விடுங்க. பாட்டு போனிலருந்து வரட்டும். ஸ்பீக்கரப் பின்னால ஒளிச்சி வைங்க. ஆரு காக்கா குனிஞ்சி பாக்கிற?”

ஒரு கிழமை அப்படியே செய்தேன். பின்னேரம் தட்டைப் போடுவேன், கையை அரை விரல் உயரத்தில் நிறுத்துவேன், சாரத்து மடிப்புக்குள் போனை அமத்துவேன். ஆட்கள் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

எட்டாம் நாள் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரி வந்து தட்டின் உறையை வாசித்தாள். மறுபக்கம் போடச் சொன்னாள், அதில் கடைசிப் பாட்டு வேண்டுமாம். அந்தப் பாட்டு என் போனில் இல்லை. தேடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. “ஊசி இல்லை மேடம்” என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், தன் மேசைக்குப் போய்விட்டாள்.

முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். ஏச்சு ஒன்றும் இல்லை. “காக்கா, நீங்க குசினிக்குப் போங்க. அங்க கை குறைவு” என்றார். அவ்வளவுதான். போகச் சொல்லவில்லை. இந்தச் சீசன் முடியும்வரை ஏஜென்சிக்காரருக்கு அந்த வார்த்தையைச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலை வெங்காயம் உரித்து முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தேன். கார்ட்ரிஜ்ஜின் உடம்பு நல்லாயிருக்கிறது, அதற்குப் பொருந்தும், முரட்டுக் கையையும் தாங்கும் உருண்டை முனை ஊசி மட்டும் வேண்டும் என்றேன்.

“என்ன மாதிரிப் பாட்டுக் கேட்பீர்கள்?” என்றான் கடைக்காரன்.

“ரொக்.”

“அப்படியென்றால் உருண்டை எடுக்காதீர்கள். கடைசிப் பாட்டில் இரையும். முட்டை முனைதான் நல்லது.”

“தெரியும் தம்பி” என்றேன். “உருண்டையைத் தாங்க.”