பின்கதவு

எண்ணெய் கருகும் வாசம் வந்தால் இன்றும் காரை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறேன்.

என் பழைய காருக்கு, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் டர்போவை நானே பொருத்தினேன். அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் உலோகக் குழாயை மாதக்கணக்கில் தேடினேன். துவாஸ் வட்டாரத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் கிடைக்கவில்லை. பொறுமையிழந்து, சூடு தாங்காது என்று தெரிந்தும் சாதாரண ரப்பர் குழாயை மாட்டினேன். ஐந்து வயது மகளைப் பின்னால் உட்காரவைத்துத் தோ பாயோ கோயிலுக்குக் கிளம்பினேன்.

விரைவுச்சாலையில் காரின் முன்பக்கத்திலிருந்து புகை. நிறுத்தினேன். "அப்பா!" என்று அவள் அலற, நான் ஓடியது எஞ்சினிடம். மூடியைத் தூக்கியதும் தீ முகத்தில் அடித்தது.

பின்னால் வந்த லாரியிலிருந்து குதித்த தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தொழிலாளி ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லாரி ஓட்டுநர் தீயை அணைத்தார்.

மகள் என்னிடம் வர மறுத்து, அவர் கழுத்தையே கட்டிக்கொண்டிருந்தாள். தீயைவிட என்னை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அவளைச் சமாதானப்படுத்தி என் கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறும்போது அவர் சொன்னார்: "அண்ணே, இனிமே எது எரிஞ்சாலும் மொதல்ல பின்கதவத் தொறங்க."