தாடி வைத்த சக்களத்தி

அந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள பாறையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் மளிகைக் கடைக்குப் போகாமல் நேராகத் தொட்டியடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு நாலு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் எங்கள் பக்கத்தில் அப்படிக் குளிப்பார்கள். “யாருங்க?” என்று பதறினேன். “பாய் போய்ட்டார்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மாரடைப்பாம். பழைய நோவு திரும்பல” என்றார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என் அப்பா செத்த அன்றுகூட இந்த மனுஷன் இப்படி அழவில்லையே என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் இருக்கும் அண்ணன் தம்பிகளே, கரீம் பாயைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரும்படி ஆலோசகர் அம்மா உங்களிடம் கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, “டீச்சராச்சே, நீயே எழுது” என்று என்னிடம் தள்ளிவிட்டார். பெண்களுக்கு இடமில்லாத உங்கள் குழுவுக்குள் இப்படித்தான் நுழைகிறேன். எழுதியதை அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்.

அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, “நல்லாயிட்டீங்க” என்று மருத்துவமனையில் அனுப்பி வைத்தார்கள். மலைக்குத் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். பேச்சு நின்றது. ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, மளிகைக் கடையின் பின்னறைக்குப் படுக்கப் போய்விட்டார். கேட்டால், “சாமை மூட்டைய எலி கடிக்குது” என்றார். என் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று என்றே நினைத்தேன்.

மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அவரை உங்கள் ஆன்லைன் குழுவில் சேர்த்துவிட்டார். சிகிச்சை முடிந்த ஆண்கள் மட்டும், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. எங்களுக்குச் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையில்தான். மழை பெய்தால் குடையோடு போவார். இறங்கி வந்த பிறகு, “இன்னா பேசுனீங்க?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல.” ஆனால் வாரம் முழுக்க, பாய் இப்படிச் சொன்னார், பாய் அப்படிச் சொன்னார்! வாணியம்பாடியில் தோல் வியாபாரம், அவருக்கும் இதே அறுவைச் சிகிச்சை, அவர் வந்த பிறகுதான் குழுவில் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு பாறைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பாயின் குரல் கேட்டது. “மொதல்ல இன்னா சாப்ட்டீங்க, அத்த சொல்லுங்க. அப்பறம் மத்ததெல்லாம் தானா வரும்.” என் வீட்டுக்காரர் சொல்கிறார்: “எங்க வூட்ல கேவுரு களி, மொச்சக் கொழம்பு. அவ கைக்கு அப்படியொரு ருசி பாய்.” சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் குழம்பை என்னிடம் அவர் பாராட்டியதில்லை. சிரிப்பைக் கேட்டும் பல மாதம் ஆகியிருந்தது. வயிறு எரிந்தது எனக்கு. அதற்கு மேல் நிற்கப் பிடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் போனிலிருந்து பாயின் நம்பரை எடுத்துக்கொண்டு நானே பாறைக்கு ஏறினேன். “என் புருஷன் உங்ககிட்ட இன்னாதான் பேசறார்? கட்டுனவ நானா, நீங்களா? எங்க வூட்ல உங்களுக்குப் பேரு இன்னா தெரியுமா? தாடி வெச்ச சக்களத்தி!” கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, இருமல் வருகிற மட்டும்.

“இத்தினி வருசமா தாடி வெச்சிருக்கேன், இப்டி ஒரு பேர எவனும் வெக்கல தங்கச்சி” என்றார். நான் அழுதேன். பின்னறையில் அவர் படுப்பதை, என் மேல் ஆசை விட்டுப்போனதை, எல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “உங்க வூட்டுக்காரர் சொன்னத நான் சொல்ல மாட்டேம்மா. என் கதைய நான் சொல்லலாம் இல்ல?”

சொன்னார். உங்களிடம் பலமுறை சொன்ன அதே கதைதான். சிறுநீர் அடங்காமல் கசிவது, உள்ளே துணி வைத்துக்கொள்வது, பக்கத்தில் படுத்தால் வாடை வருமோ என்ற பயம், இனி ஆம்பளையாக இருக்க முடியாதோ என்ற பயம். “முதுகு வலிக்குதுன்னு சொல்லி நான் மாடியில படுக்கறேன். எங்க வூட்டுக்காரி கேக்கல, நானும் சொல்லல. ஒம்போது ஆம்பளைங்ககிட்ட சொல்லிட்டேன், அவ ஒருத்திகிட்ட வாய் வரல பாரு” என்றார்.

எலியின் கதை எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் போன் பண்ணியதும் வெளியே வரும். பின்னறையில் ஒரு சோப்புக் கட்டியைக் கூடுதலாக வைத்தேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

பாய் அடங்கிய மூன்றாம் நாள் இருவரும் வாணியம்பாடிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் முன்னறையில் பாயின் மகன்களோடு உட்கார்ந்தார். என்னை உள்ளே பெண்கள் இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். பாயின் மனைவி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகக் கேட்டார். “ஞாயித்துக்கெழம ஆனா மாடியில கதவ சாத்திக்குவார். சிரிப்பு மட்டும் கீழ கேக்கும். அங்க இன்னாம்மா பேசுனார்? உனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. இரண்டு வருடமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான். இப்போது சக்களத்தி நான்!

“அண்ணன் சொன்னத நான் சொல்லக்கூடாதுக்கா. நான் அவர்கிட்ட சொன்னத சொல்றேன்” என்றேன். பின்னறையை, எலியை, பாறையில் நின்று அழுததை எல்லாம் சொன்னேன். “அது வெறுப்பு இல்லக்கா, வெக்கம். ஈரத் துணிக்கு வெக்கப்பட்டுக்கினு படுத்திருக்கார் என் ஆளு.” அந்த அம்மா மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார், பேசினார். அவர் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

திரும்பும்போது ஆலங்காயம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. “அந்தம்மா உன்கிட்ட ரொம்ப நேரம் பேசுனாங்களே, இன்னா சொன்னாங்க?” என்றார். “அவங்க சொன்னத சொல்ல மாட்டேன்” என்றேன். மனுஷன் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு, “நான் சொன்னத வேணா சொல்றேன்” என்று தொடங்கி, ஒளிந்து கேட்டது, போன் பண்ணியது, சக்களத்திப் பட்டம், ஒன்று விடாமல் சொன்னேன்.

இரண்டாவது வளைவில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“எலி இல்ல” என்றார். “மூட்டையில எலியே இல்ல.”

“தெரியும்” என்றேன்.

எங்கள் ஊர் நிறுத்தம் வருகிற வரைக்கும் பேசினார். எல்லாம் என் காதுக்குப் புதுசு. ஆனால் எல்லாமே பாய் இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டு முடித்தவை. அன்றிலிருந்து பின்னறையில் மூட்டைகள் மட்டும் இருக்கின்றன.

கரீம் அண்ணே, என் புருஷன் மனசை எனக்கு முன்னால் கேட்டவர் நீங்கள். அந்தப் பொறாமை இன்னும் எனக்கு அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். உங்கள் ஞாபகமாக அது என்னிடமே இருக்கட்டும்.