பூட்டிய இருபத்து மூன்று வீடுகள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வராததால்தான் எழுதுகிறேன்.

ஒரு ஊரை நான் மறைத்தேன். அந்த ஊருக்கு வர வேண்டிய குடிநீர்க் குழாய் என்னால் வராமல் போயிற்று.

எதையும் திருடவில்லை. எதையும் அழிக்கவுமில்லை. கணினியில் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

எனக்கு நாற்பத்தேழு வயது. ஜவ்வாது மலையில் பிறந்து, கல்யாணமாகி ஆலங்காயத்துக்கு இறங்கி வந்தவள். மலையூர்களுக்கான திட்டங்களை நடத்தும் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அப்போது நடந்தது குழாய் போடும் திட்டம். வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதில்களைக் கைபேசியில் பதிவது முதலில் என் வேலை. பிறகு அந்தப் பதிவுகளை வைத்து டாஷ்போர்டு செய்யவும் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் டாஷ்போர்டு. எந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் குழாய் வேண்டும் என்று நிறம் நிறமாகப் பட்டைகள், கீழே ரிப்போர்ட், ஓரத்தில் ஃபில்டர், அதாவது குறி போட்டதை மட்டும் காட்டி, குறி எடுத்ததை மறைக்கும் கட்டங்கள். லிங்க்கை அனுப்பினால் சென்னையில் உட்கார்ந்திருப்பவரும் அதே பக்கத்தைப் பார்ப்பார்.

கூட்டம் என்றால் கடைசி நாற்காலியைத் தேடுகிறவள் நான். பேர் கேட்டாலே பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வேன். ஆனால் நான் போட்ட பட்டைகளைப் பெரிய பெரிய ஆட்கள் பார்த்தார்கள், என்னைப் பார்க்காமலே! அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

போன வருடம் தை மாதம் கணக்கெடுப்பு. பத்தொன்பது ஊர்கள். கடைசியாக மேல்பாறையூருக்கு ஏறினேன். ஊரே காலி. காப்பிக்கொட்டை பறிக்கக் குடகுக்குப் போயிருந்தார்கள். இருபத்து மூன்று வீடுகளின் கதவுகளிலும் முள்.

எங்கள் மலையில் வேலைக்கு இறங்கும் குடும்பம், கதவுக்குக் குறுக்கே முள் வெட்டிச் சாத்திவிட்டுப் போகும். ஆடு புகாமல் இருக்க மட்டும் அல்ல. திரும்பி வருவோம் என்று அதற்கு அர்த்தம். ஒரேயடியாக விட்டுப்போன வீட்டுக்கு யாரும் முள் சாத்துவதில்லை. இது எனக்குத் தெரியும். நடக்கப் பழகிய வயதிலிருந்தே தெரியும்.

படிவத்தில் ‘திறந்தது’, ‘பூட்டியது’ என்ற இரண்டுதான் இருந்தன. ‘பூட்டியது’ என்று இருபத்து மூன்று முறை அழுத்தினேன். பக்கத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. ஆலங்காயம் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

டாஷ்போர்டில் பூட்டிய வீடுகள் சாம்பல் நிறத்தில் வந்தன. எல்லா ஊரிலும் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல். மேல்பாறையூர் மட்டும் முழுப் பட்டையும் சாம்பல்.

அலுவலகப் பொறுப்பாளர் சார் என் பின்னால் வந்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“இன்னாக்கா இது, அடுப்பு சாம்பலக் கொட்னாப்ல கீது? மேல இருக்கறவங்க நூறு கேள்வி கேப்பாங்க. க்ளீனா வெச்சு அனுப்புங்க.”

ஃபில்டரில் ‘பூட்டியது’ என்ற கட்டத்தில் குறியை எடுத்தேன். சாம்பல் போயிற்று. பச்சையும் ஆரஞ்சுமாகப் பக்கம் பளிச்சென்று ஆனது. அப்படியே சேமித்து லிங்க்கை அனுப்பினேன். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. “அக்கா, கலக்கிட்டீங்க” என்றார் சார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டி முடிவதற்குள் பட்டைகளை எண்ணிவிட்டேன். பதினெட்டு!

ஒரு ஊரில் எல்லா வீடும் பூட்டியிருந்தால், ஃபில்டர் அந்த ஊரையே எடுத்துவிடும். நான் அதை யோசிக்கவில்லை. அதுவரை அது பிழை. அதற்குப் பிறகு?

ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும், ஊர் திரும்ப வந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கு இருந்தேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்களே என்று மறுநாள் இருந்தேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று. டாஷ்போர்டில் தெரிந்த ஊர்களுக்கு மட்டும் குழாய்க்கு ஆர்டர் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். பக்கத்து ஊர்களில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவதைப் பார்த்துவிட்டு, மேல்பாறையூர் பச்சையம்மா அலுவலகத்துக்கே இறங்கி வந்தாள். என்னை முன்பே தெரிந்தவள், என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை, பாறைக்குக் கீழே இருக்கும் சுனையிலிருந்து தலையில் தண்ணீர் சுமக்கிறவள்.

“அந்தப் பொட்டில எங்க ஊரு எங்க கீது, காட்டு தங்கச்சி.”

“இல்லக்கா. கணக்கெடுக்க வந்தப்ப நீங்க யாரும் ஊர்ல இல்ல. அதான் வர்ல.”

“முள்ளு சாத்திட்டுத்தான போனோம்? கீழ்நாட்டுக்காரங்களுக்குத் தெரியாது, சரி. நீ மலைப் பொண்ணு. உனுக்குமா தெரியாது?”

“தெரியாதுக்கா.”

தெரியாது என்று சொன்னேன்! இந்த வாயால்தான் சொன்னேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. திரையைப் பார்த்தாள். “அப்ப எங்க தப்புதான். ஒரு ஆளையாவது வுட்டுட்டுப் போயிருக்கணும்” என்றாள். எனக்கென்று கொண்டுவந்த புளியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இதோ, மறுபடியும் தை. போன வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. காற்றுச் சத்தம் அதிகமாக இருந்தது.

“தங்கச்சி, பாறை மேல ஏறி நின்னு பேசறேன். இங்கதான் டவரு கெடைக்குது. எல்லாரும் குடகுக்குப் போய்ட்டாங்க. நான் போகல. கணக்கெடுக்க வர்றப்ப ஆளு இருக்கணும்ல? நான் ஒருத்தி கீறேன். எப்ப வர்றீங்க?”

அந்தக் குழாய்த் திட்டம் ஐப்பசியிலேயே முடிந்துவிட்டது. கணக்கெடுப்பு இனிக் கிடையாது. இருபத்து மூன்று வீட்டு ஊரில் அவள் ஒருத்தி மட்டும், வேலையையும் விட்டுவிட்டு, எனக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

“வர மாட்டாங்கக்கா” என்று சொல்லியிருக்க வேண்டும். “நான்தான் மறைச்சேன்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

“வருவாங்கக்கா” என்றேன்.

“அப்ப இருக்கறேன்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? வெட்கமா? நல்லவள் என்ற பேரா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கூச்ச சுபாவம் என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். கூச்சம் என்பது இவ்வளவு பெரிய இடத்தை மறைக்குமா...

திங்கட்கிழமை மதியம் பழைய டாஷ்போர்டைத் திறந்தேன். எடுத்த குறியைத் திரும்பப் போட்டேன். மேல்பாறையூர் வந்தது. முழுச் சாம்பல். சேமித்தேன். அந்த லிங்க்கை யார் எப்போது கடைசியாகத் திறந்தார்கள் என்று அதிலேயே தெரியும். நான் பார்த்தேன். என்னைத் தவிர ஐந்து மாதமாக யாரும் திறக்கவில்லை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாரிடம் சொல்லலாம் என்று அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். “நல்லவேள, நீங்களே வந்தீங்க. பள்ளிக்கூடக் கழிவறை வேல புதுசா வந்துகீது, அதுக்கும் ஒரு டாஷ்போர்டு போடணும்க்கா” என்றார். சரி சார் என்றேன். மாலைக்குள் பதினாறு பள்ளிகளின் பெயர்களை ஏற்றி முடித்தேன்.