மேல்மாடத்தில் தாளம்

அடையாற்றுக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் தேவாலயத்தைக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள். முகப்பில் உருண்டைத் தூண்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசியவை. கை வைத்தால் சில்லென்றிருக்கும். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே மரத்தாலான மேல்மாடம். அந்த நாளில் பட்டாளத்து வாத்தியக்காரர்கள் அதில் உட்கார்ந்து வாசித்தார்களாம். சுவரெங்கும் சலவைக்கல் பலகைகள். காய்ச்சலில் இறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளின் வயதை அவற்றில் மாதக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவள் படிக்கக் கூடாதவை. நான் ஒவ்வொரு ஞாயிறும் படித்தேன்.

காலை ஆராதனை இங்கிலீஷில், வெள்ளைக்காரர்களுக்கு. மாலையில் தமிழ், எங்களுக்கு. அவர்கள் அசையாமல் நின்று பாடுவார்கள். எங்கள் பிள்ளைகள் மேல்மாடத்தில் நின்று கீர்த்தனை பாடினால் தாளம் வேண்டும். கையில் பாட்டுப் புத்தகம் இருப்பதால் காலால் தட்டுவார்கள். பலகை அதிர்வது கோயில் முழுவதும் கேட்கும். அதில் எங்களுக்குப் பெருமை.

கிறிஸ்துமஸுக்கு முன் சபையார் கூடி வெள்ளையடிப்பதும் வழக்கம். மேல்மாடத்தைத் தாங்கும் மர உத்திரத்தின் முனையில் கறையான் கோடு தெரிந்தால் சுரண்டிவிட்டு அதன்மேல் சுண்ணாம்பை அப்பிவிடுவோம். பண்டிகைக்குக் கோயில் பளிச்சென்று இருக்கும்.

சென்ற கிறிஸ்துமஸ் மாலை நான் மேல்மாடத்தின் கீழே உட்கார்ந்திருந்தேன். மேலே என் மகள் முதல் குரலாகப் பாடிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த என் புத்தகத்தில் வெள்ளைத் தூள் விழுந்தது. ஊதிவிட்டேன். மறுபடியும் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெடிப்பு, ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து திறந்து மூடியது.

கத்தியிருப்பேன். கத்தினால் பிள்ளைகள் படிக்கட்டுக்குப் பாய்வார்கள். அது கோபுரச் சுவருக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் கல் படி. ஒரு சமயத்தில் ஒருவர்தான் இறங்கலாம். பக்கத்திலிருந்தவளிடம் வெடிப்பைக் காட்டினேன். அவள் எங்கள் வரிசைகளை மெல்லத் தட்டி முன்னே நகர்த்தத் தொடங்கினாள். நான் மேலே ஏறினேன்.

பாட்டு வாத்தியார் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மகள் இருமினாலே சால்வையோடு வந்து நிற்பவள் என்று எனக்குப் பேர்.

"உங்க பொண்ணுக்கு இங்க ஒண்ணும் குளிரல. கீழ போங்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

அவர் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி, தட்டுக்குத் தட்டு பலகை சுவரை விட்டு விலகுவதைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. பாட்டை நிறுத்தவில்லை. தாளம் வேண்டாமென்று சைகை காட்டினார். சின்னவர்களை ஒவ்வொருவராகப் படிக்கு அனுப்பினார். பிறகு என் மகளிடம் குனிந்து சொன்னார்: "நீ விடாம பாடு. நீ நிறுத்தினா இதுங்க ஓடும்."

என்னைச் சின்னவர்களோடு இறங்கச் சொன்னார். யார் யாருடைய பிள்ளைகளையோ கையில் பிடித்துக்கொண்டு அந்த இருட்டில் இறங்கினேன். மேலே குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் என் மகளின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

படியடியில் நின்றேன். பலகை முறியும் ஓசைக்காகக் காத்திருந்தேன். ஜெபிக்கக்கூடத் தோன்றவில்லை.

காலடி கேட்டது. அவள் வந்தாள், பின்னாலேயே வாத்தியாரும்.

"ஏம்மா அழுவுற? கடைசி சரணம் பாடவே வுடல" என்றாள் கோபமாக.

மறுநாள் தச்சர் உத்திரத்தில் உளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

"மரம் எங்கம்மா கீது? சுண்ணாம்புதான் புடிச்சிக்கினு இருந்திச்சு" என்றார்.

இப்போது இரும்பு உத்திரம் போட்டுவிட்டார்கள். ஈஸ்டரிலிருந்து பிள்ளைகள் மறுபடி மேலே பாடுகிறார்கள். காலால் தட்டக் கூடாதென்று சபைக் கமிட்டி சொல்லிப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை. மறுபடி மேலே போய்ப் பாட மகள் என்னிடம் அனுமதி கேட்டபோது, வேண்டாமென்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கீர்த்தனை தொடங்கியதும் நான் எழுந்துபோய்ப் படியடியில் நிற்கிறேன். தாளம் கேட்கும்வரை பரவாயில்லை. பாட்டு முடிந்து, அவள் இறங்கும் காலடி கேட்கும்வரை ஓர் அமைதி இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.