பூனை என்று எழுதினேன்

ஒரு தாயையும் மகளையும் குடியிருந்த வீட்டைவிட்டுக் கிளப்பினேன். அந்தப் பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை வர இரண்டே மாதம் இருந்தது. செய்தது நான்தான். வேறு யாரும் இல்லை.

இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன், எங்கள் வீட்டில் ஒரு பூனை இருப்பதைப் போகிற போக்கில் இந்தப் பத்தியில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான்... பாராட்டு மெயில்கள்! 'எழுபத்து மூன்று வயதில் வாயில்லா ஜீவனுக்கு இடம் கொடுத்த கருணை உள்ளம்' என்கிறார் ஒரு வாசகி.

அம்மா, தயவுசெய்து நிறுத்துங்கள். படிக்கப் படிக்க எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பூனை எப்படி வந்தது என்று சொல்கிறேன். அப்புறமும் பாராட்ட முடிந்தால் பாராட்டுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பதினான்கு வீடுகள். நான் அசோசியேஷன் செக்ரட்டரி. கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் பிசிக்ஸ் நடத்தியவன் என்பதால், 'சார் எழுதினா கரெக்டா இருக்கும்' என்று எனக்கு ஒரு பெயர்.

இரண்டாவது மாடியில் ஸ்டெல்லா வாடகைக்கு இருந்தார். தில்லைநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஜெனி. அவளுடைய ஸ்கூல் நடந்து போகிற தூரம் என்பதற்காகவே இங்கே வீடு பார்த்தவர்கள். எங்கிருந்தோ வந்து மாடிப்படியில் ஒட்டிக்கொண்ட ஒரு சாம்பல் நிறப் பூனைக்கு ஜெனி சோறு வைப்பாள். சோற்றில் மீன் இருக்கும்.

டிசம்பரில் மூன்று நாள், என் வீட்டு கிரில் கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் ஓட்டை. தரையெல்லாம் பால். அதை நக்கிக்கொண்டு அந்தப் பூனை!

பூனை. பால். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பெங்களூரில் இருக்கும் வீட்டு ஓனருக்கு லெட்டர் அடித்தேன். சுகாதாரக் கேடு, குழந்தைகளுக்கு ஆபத்து, விதிமீறல்... வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். பத்துப் பன்னிரண்டு கட்டை விரல்கள் உயர்ந்தன.

அந்த லெட்டரை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'பூனை' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. 'மீன்' ஓரிடத்தில்கூட இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது மாடியிலிருந்து வரும் வாடையைப் பற்றி லிஃப்ட்டில் நாங்கள் மூக்கைச் சுளித்துப் பேசாத வாரம் உண்டா? படித்த அத்தனை பேருக்கும் நான் எதை எழுதுகிறேன் என்று புரிந்தது. மீன் என்று எழுத மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தது என்றால், தப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்திருக்கிறேன்.

ஓனர் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா என்னிடம் வந்தார்.

"சார், பூனைக்குச் சோறு வைக்கிறதை இன்னையோட நிறுத்திடறோம். பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் இருந்துக்கறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஓனர் கேப்பாரு."

"நான் என்னம்மா பண்றது? கமிட்டி முடிவு."

கமிட்டி! நானும் என் லேப்டாப்பும்தான் கமிட்டி.

பொங்கல் முடிந்ததும் ஒரு மினி வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றுகிற சத்தத்தில் பயந்து ஓடிய பூனை, ஜெனி எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் அது பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் பேப்பர் எடுக்க வெளியே வந்தேன். பால்காரர் என் கண்ணெதிரிலேயே பையை மாட்டிவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் பை சொட்டத் தொடங்கியது. பக்கத்தில் பூனையும் இல்லை, எலியும் இல்லை. பையை எடுத்துவிட்டுக் கொக்கியைத் தடவினேன். விரலில் ரத்தம்.

அந்தக் கொக்கி நான் போட்டது. நவம்பரில் ஒரு கம்பித் துண்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, வளைத்து மாட்டினேன். வெட்டிய முனை ஊசி மாதிரி பை மேல் துருத்திக்கொண்டிருந்தது.

பூனை கிழித்ததால் பால் ஒழுகவில்லை. பால் ஒழுகியதால் பூனை வந்தது. எது காரணம், எது விளைவு என்று பார்க்காமல் ரெக்கார்டு நோட்டில் முடிவு எழுதிய எத்தனை மாணவர்களை வகுப்பில் நிற்க வைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன்! அவர்கள் எழுதியதால் யாரும் வீட்டை இழக்கவில்லை.

கொக்கியைப் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். 'தவறு என்னுடையது. ஸ்டெல்லாவைத் திரும்ப அழைக்க வேண்டும்' என்று எழுதினேன். வந்த பதில்கள்: 'பெரிய மனசு சார் உங்களுக்கு.' 'விடுங்க சார், நடந்தது நல்லதுக்குத்தான்.' 'அந்த வீட்டுக்கு நல்ல ஃபேமிலி வர்றாங்களாம்.'

நல்ல ஃபேமிலி! போனை வீசி எறிந்திருப்பேன். என் மனைவி கோமதி வாங்கி வைத்துக்கொண்டாள். ஓனரிடம் பேசினேன். அட்வான்ஸ் வாங்கியாயிற்று என்றார். செக்ரட்டரி வேலையை உதறினேன்.

பிறகு பூனையை ஒரு மூடி போட்ட கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்துப் பொன்மலைப்பட்டி போனேன். ஸ்டெல்லாவின் புது வீடு அங்கேதான்.

"உள்ள வாங்க சார். உக்காருங்க. ஜெனி, சாருக்குத் தண்ணி குடு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொக்கியைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் கூடையைக் காட்டினேன்.

"இங்க ஹவுஸ் ஓனர் நாய், பூனை கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க சார். இங்க மீனு ஓகே, பூனை கூடாது. அங்க மீனு கூடாது" என்று சிரித்தார் ஸ்டெல்லா. "நாங்க பூனையால காலி பண்ணலைன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார்."

ஜெனி கூடையைத் திறந்தாள். "செக்ரட்டரி!"

நான் நிமிர்ந்தேன். அவள் கூப்பிட்டது பூனையை.

"படியில உக்காந்துக்கிட்டுப் போறவங்க வர்றவங்களை எல்லாம் முறைக்கும்ல... அதான் அந்தப் பேரு" என்றாள். ஸ்டெல்லா பதறி, "ஏய், சும்மா இரு" என்றார். ஜெனி சும்மா இருக்கவில்லை.

"அவரே வெச்சுக்கட்டும்மா. அவர்தானே விரட்டுனாரு." பிறகு என்னிடம், "பால் மட்டும் ஊத்தாதீங்க, வயித்துக்கு ஆகாது. மீனு குடுக்கணும். முள்ளு எடுத்துட்டு. வாரத்துல மூணு நாளாவது."

"ஸ்கூலுக்கு எப்படிம்மா போறே?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயி பஸ் மாறணும். போக வர மூணு மணி நேரம்."

"எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?"

"பிசிக்ஸ்."

"நான் வந்து சொல்லித்தரட்டுமா?"

"வேணாம் சார்."

கூடையோடு திரும்பினேன். பூனை எங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். கருணை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

முட்டைகூடத் தொடாத நான், இந்த வயதில் மார்க்கெட்டில் நின்று மத்தி மீன் வாங்கப் பழகினேன். பால்கனியில் இண்டக்‌ஷன் ஸ்டவ் வைத்து வேக வைக்கிறேன். முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்தது. கோமதி முகம் சுளிக்கவில்லை. "எனக்கு இந்த வாடை பரவாயில்லை. நீங்க எழுதின லெட்டர்தான் இன்னும் நாறுது" என்றாள்.

ரிசல்ட் வந்தது. ஜெனி பாஸ். ஆனால் அவள் ஆசைப்பட்ட கோர்ஸ் கிடைக்க அந்த பிசிக்ஸ் மார்க் போதவில்லை. தினமும் பஸ்ஸில் போன மூன்று மணி நேரம்தான் காரணமா? என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

போன மாதம் எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலியானது. அந்த ஓனரிடம் நானே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு, ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தேங்க்ஸ் சார். ஒரு தடவை போதும்" என்று வைத்துவிட்டார்.

இப்போது வாரம் மூன்று நாள் எங்கள் மாடி முழுக்க மீன் வாடை. எனக்கும் லெட்டர் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் சண்டை போடலாம். குரூப்பில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம். வரவே இல்லை. பொறுக்க முடியாமல், நேற்று லிஃப்ட்டில் புது செக்ரட்டரியை நானே மடக்கினேன்.

"மீன் வாடை உங்க வீடு வரைக்கும் வருதா?"

"லேசா வருது சார்."

"என் வீட்லேர்ந்துதான். பூனையும் இருக்கு. லெட்டர் எழுத வேண்டியதுதானே?"

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார் நீங்க! உங்களுக்குப் போயி எழுதுவோமா? நீங்க நம்ம ஆளு சார்!"

எழுபத்து மூன்று வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.