பூ கட்டிப் பார்த்த நாய்க்குட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். அப்பா, அம்மா, நாங்கள் நாலு பெண்கள். அப்பா காத்தோங்கில் ஒரு துரைசானிக்குக் கார் ஓட்டினார். அந்த வீட்டுப் பொமரேனியன் போட்ட குட்டிகளில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று கடுவன், ஒன்று பொட்டை. பிடித்ததை எடுத்துக்கொள் என்று துரைசானி சொல்லிவிட்டார்.

அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். கடுவன் கொழுகொழுவென்று தின்பதிலேயே குறியாக இருந்தது. பொட்டை என் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. எனக்கு அதுதான் வேண்டும், வேறு பேச்சே இல்லை.

அன்று சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா.

"ஏற்கெனவே நாலு பொட்டப் புள்ளைங்க. நாயாவது ஆம்பளையா இருக்கட்டும் லா. பொட்டைன்னா குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், யாரு பாக்குறது?"

குட்டி விஷயம் நியாயம்தான். முதலில் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஆறிப்போன காப்பியை மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் அவருக்கு வாய் திறக்காது. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. சோறு வேண்டாம் என்று மூலையில் போய் உட்கார்ந்தேன்.

கடைசியில் அப்பா, "எதுக்குச் சண்டை? பூ கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

கல்யாணமோ வீடு மாறுவதோ, எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வந்ததை யாரும் மறுத்துப் பேசக்கூடாது. வெள்ளை வந்தால் கடுவன், சிவப்பு வந்தால் பொட்டை. அத்தையும் ஒத்துக்கொண்டாள்.

அப்பாவே அடுப்படியில் பொட்டலம் கட்டி எடுத்துவந்தார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை.

"போதும்டா, ஒரு நாய்க்குட்டிக்கா இவ்வளவு?" என்றாள் அத்தை.

கடைசித் தங்கை கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். செவ்வரளி! நான் குதித்த குதியில் கீழ்க்கடைக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே சொல்லிருச்சு, அப்புறம் என்ன" என்றாள். மிச்சப் பொட்டலத்தை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே குட்டி வந்துவிட்டது. துணி துவைக்க உட்கார்ந்த அம்மா அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஏங்க, இதுலயும் செவப்புதானே இருக்கு?"

அப்பா மடியில் குட்டி அவர் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாத. பொண்ணுங்கறதுக்காக ஒண்ண வேணாம்னு விட்டுட்டு வந்து, இதுங்க நாலு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அக்காகிட்ட என்னால பேச முடியாது லா. அதான் பிள்ளையாரப் பேசச் சொன்னேன்."